பேஸ் கிதார் தந்தி: வட்டச்சுற்றா, உருட்டுச்சுற்றா?

> ரவுண்ட் வவுண்டுக்கு வட்டச்சுற்று, ஃபிளாட் வவுண்டுக்குத் தட்டைச்சுற்று என்று வைத்துவிடலாம். சொல்லுக்குச் சொல் சரியாக வருகிறது.

அண்ணாச்சிக்கு வணக்கம். பேஸ் கிதார் தந்தி வகைகளுக்குத் தமிழ்ப் பெயர் வைக்கும் நம் பட்டியலுக்கு நீங்கள் எழுதியதைப் பார்த்தேன்.

வட்டச்சுற்று வேண்டாம். எந்தச் சுற்றும் வட்டமாகத்தானே வரும்? அந்தப் பெயரில் உள்ள உருண்டை, சுற்றுகிற விதத்தைச் சொல்லவில்லை. உள்கம்பிமேல் சுற்றிய மெல்லிய கம்பி உருண்டையா பட்டையா என்பதைத்தான் சொல்கிறது. உருட்டுக்கட்டை என்று நம்மிடம் சொல் இருக்கிறது. அந்த வழியில் உருட்டுச்சுற்று என்பதே பொருந்தும்.

தட்டை என்றால் தந்தியே தட்டையாக இருக்கும்போல் தோன்றுகிறது. தந்தி உருண்டைதான். அதன்மேல் நாடாபோல ஓடும் உலோகம்தான் பட்டை. ஆகவே பட்டைச்சுற்று.

ஏன் சுற்ற வேண்டும் என்பதும் சொல்லில் தெரிய வேண்டும் என்று நினைக்கிறேன். பேஸில் மிகத் தாழ்ந்த சுரம் தரும் அடித்தந்தி ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 41 முறை, அதிர வேண்டும், நீளமோ பொதுவாக 34 அங்குலம்தான். அதற்கு எடை வேண்டும். ஒற்றைக் கம்பியையே தடியாக்கினால் அது விறைத்துப்போய், அடிச்சுரத்தோடு சேர்ந்து எழும் மேல்சுரங்கள் விலகி ஒலிக்கும். சுற்றினால் எடை கூடும், வளைவு கெடாது. சுற்று என்ற சொல் பெயரில் நிற்பது அதனால்தான் முக்கியம்.

வேறுபாடு விரலுக்கு உடனே தெரியும். பாளையங்கோட்டையில் டிசம்பரில் வீடுவீடாகப் போகும் கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸுக்கு வாசிக்கிறவன் நான். உருட்டுச்சுற்றில் வரிவரியாகப் பள்ளம் இருக்கும். ஒலி பளிச்சென்று வரும், கட்டைவிரலால் அடித்து வாசிப்பவர்களுக்கு அதுதான் வேண்டும். ஆனால் மெதுவான கீர்த்தனையில் விரல் நகரும் கீச்சொலியை மைக் அப்படியே பிடித்துவிடும். நம் ஊர் வெக்கையில் வேர்வை அந்தப் பள்ளத்தில் இறங்கி, சில வாரத்தில் பளிச்சும் போய்விடும். பட்டைச்சுற்று வழுவழுப்பு. ஒலி கனத்து, பாடகர் குழுவுக்கு அடியில் உட்காரும். பழசானாலும் கெடாது. அமெரிக்காவின் மோடவுன் இசை நிறுவனத்தின் பாட்டுகளுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் பட்டைச்சுற்றுத்தான் போட்டிருந்தார், அறுந்தாலொழிய மாற்றமாட்டார். விரல்பலகையில் மெட்டு (ஃபிரெட்) பதிக்காத பேஸுக்கும் இதுவே நல்லது. உருட்டுச்சுற்று அந்தப் பலகை மரத்தை அராவிவிடும்.

பருமனுக்கு 'நூல்' என்று யாரோ எழுதியிருந்தார்கள். ஆசாரிமார் கணக்கில் ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒன்று. 45 முதல் 105 என்று உறையில் போட்டிருப்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு. தடித்த 105கூட ஒரு நூலுக்கு வராது. குழப்பம்தான் மிஞ்சும், பருமன் என்றே இருக்கட்டும்.

நாண் என்ற யோசனையும் வந்தது. நாண் வில்லுப்பாட்டு வில்லுக்கு உரியது, வீசுகோல் விழுவது அதில். விரலால் மீட்டுவதற்குத் தந்தி போதும்.

*

> தம்பி, உருட்டும் பட்டையும் சரி. வீணைக்காரன் எனக்கே உடனே விளங்கிற்று. உருட்டுச்சுற்றைச் சுற்றி முடித்து, மேற்பக்கத்தைத் தேய்த்து வழுவழுப்பாக்கி விற்கிறார்களே, அதற்குத் தீட்டுச்சுற்று என்று சொல்லலாமா? அரிவாள் தீட்டுவதுபோலத்தானே. இன்னொன்று: உள்கம்பி ஆறு முகமாக வருவதை அறுபட்டை என்பார்கள். உன் பட்டையோடு மோதுமே?

அண்ணாச்சி, தீட்டு என்றதும் நம் வீடுகளில் வேறு பொருள்தான் முதலில் வரும். ஒரு பிள்ளை கடையில் போய்க் கேட்கத் தயங்கக்கூடாது. தேய்ப்பது சாணை பிடிப்பதுதானே, சாணைச்சுற்று என்போம். உருட்டின் துலக்கம் கொஞ்சம், பட்டையின் மென்மை கொஞ்சம் என்று இடையில் நிற்கும் தந்தி அது.

மோதல் உண்மைதான், நான் கவனிக்கவில்லை. உள்கம்பிக்கு அறுகோண உள்கம்பி, உருட்டு உள்கம்பி என்று முழுதாக எழுதுவோம். வாங்குகிறவர்கள் அதிகம் கேட்கும் சொல் அல்ல, நீண்டாலும் பரவாயில்லை. பட்டை சுற்றுக்கு மட்டும் இருக்கட்டும்.

நைலான் சுற்றிய கறுப்புத் தந்திக்கு நாடாக்கட்டில் நினைவில் நாடாச்சுற்று என்று எழுதி வைத்திருக்கிறேன். நாளை பட்டியலில் நான்கையும் சேர்த்துவிடுகிறேன்.