புதுப்பிப்பு: எப்பிங் காட்டுக்குப் போய் வந்தோம்

ஈஸ்ட்ஹாம் தமிழ் முதியோர் குழுவில் பலர் முப்பது வருடம் லண்டனில் இருந்தும் பக்கத்து எப்பிங் காட்டைப் பார்த்ததில்லை, அதற்காகத் தேசிய லொத்தர் நிதியத்தின் 'அவார்ட்ஸ் ஃபார் ஆல்' மானியம் கேட்கப் போகிறோம் என்று முன்பு எழுதியிருந்தேன். கிடைத்துவிட்டது!

இங்கிலாந்தில் 300 முதல் 20,000 பவுண்ட் வரை கேட்கலாம். போக்குவரத்துக்கும் கொடுப்பார்களா என்று பலர் கேட்டிருந்தீர்கள். கொடுக்கிறார்கள். எங்கள் பணத்தில் பெரும்பகுதி சக்கர நாற்காலி ஏறும் பஸ்ஸுக்குத்தான் போனது. ஒன்று மட்டும் முதலிலேயே பாருங்கள்: வங்கிக் கணக்கில் கையெழுத்திடும் இருவர் உறவினராக இருக்கக் கூடாது. எங்களுடையது கணவன், மனைவி. அதை மாற்றவே ஒரு மாதம் போய்விட்டது.

அப்புறம், காட்டுக்குள் ஹை பீச் என்ற இடத்தில் இறங்கினோம். 1878ஆம் ஆண்டு எப்பிங் காட்டுச் சட்டம் மக்கள் மகிழ்வதற்கென்றே வேலியின்றிக் காத்த காடு இது. 1882இல் விக்டோரியா மகாராணி இங்கேதான் வந்து மக்களுக்கு அர்ப்பணித்தார். அந்த மக்களில் நாங்களும் உண்டு என்று அன்றுதான் உணர்ந்தேன். ஒரு அம்மம்மா மரத்தைத் தொட்டபடி, "எங்கட வன்னிக் காடு மாதிரி மணக்குது பிள்ளை" என்றார். வெகுநேரம் நகரவேயில்லை.

இப்போது கடலும் பார்க்க வேண்டுமாம். அடுத்த படிவத்தைத் தொடங்கிவிட்டேன்.