அம்மாவின் சுகர் சென்சர் செயலியில் தெரியாத ஒரு மின்னஞ்சல். என்ன செய்யலாம்?

கோண்டாவில் மகள்:
வணக்கம். அம்மாவுக்கு 71 வயது, இன்சுலின் போடுகிறார். கனடாவில் இருக்கும் அண்ணா, கையில் ஒட்டும் குளுக்கோஸ் சென்சர் அனுப்பினார். அது புளூடூத் வழியாக அம்மாவின் போனுக்கு அளவை அனுப்பும். அண்ணாவும் அங்கிருந்தே பார்ப்பார். போன் வாங்கிய கடையில்தான் செயலியையும் போட்டுத் தந்தார்கள். நேற்றுப் பகிர்வுப் பட்டியலைத் திறந்தால், அண்ணாவோடு எங்களுக்குத் தெரியாத ஒரு மின்னஞ்சலும் இருக்கிறது. எங்கள் வைஃபை கடவுச்சொல்லும் ஒழுங்கையில் பாதிப்பேருக்குத் தெரியும். யாராவது அளவை மாற்றிக் காட்ட முடியுமா? அம்மா அந்த இலக்கத்தைப் பார்த்துத்தான் ஊசி போடுகிறார். பயமாக இருக்கிறது.

திருநெல்வேலி நெட்வேர்க்:
சகோதரி, சென்சர் போனோடு பேசுவது புளூடூத்தில், வைஃபையில் அல்ல. அது சில மீற்றர் தூரம்தான் எட்டும். ஆகவே ஒருவர் உங்கள் வைஃபைக்குள் வந்துவிட்டார் என்பதற்காக அம்மாவின் போனில் தெரியும் அளவு மாறிவிடாது. போனிலிருந்து அண்ணாவுக்குப் போகும்போதுதான் இணையம் வருகிறது.

எனக்குச் சந்தேகம் செயலியின் கணக்கின் மேல்தான். கடையில் எந்த மின்னஞ்சலைக் கொடுத்துக் கணக்குத் திறந்தார்கள் என்று பாருங்கள். அது அவர்களுடையது என்றால், நீங்கள் கடவுச்சொல்லை எத்தனை தரம் மாற்றினாலும் ‘மறந்துவிட்டேன்’ என்று அழுத்தி அவர்கள் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். பட்டியலை முதலில் படம் பிடித்து வையுங்கள். பிறகு அந்த முகவரியை நீக்கி, கணக்கின் மின்னஞ்சலை உங்களுடையதாக்கி, அதற்கப்புறம் கடவுச்சொல்லை மாற்றுங்கள். இந்த வரிசை முக்கியம்.

ஓய்வுபெற்ற தாதி:
மகள், இது எல்லாம் தீரும்வரை ஊசிக்கு முன் விரலில் குத்திப் பாருங்கள். சென்சர் இலக்கம் இரத்த அளவைவிடச் சில நிமிடம் பிந்தித்தான் வரும். சென்சர் இருக்கும் கைப்பக்கம் சரிந்து படுத்தாலும் இரவில் பொய்யாகக் குறைத்துக் காட்டும். அதை யாரோ செய்த வேலை என்று நினைத்துப் பயந்துவிடாதீர்கள்.

சுன்னாகம் வாசகர்:
ஆனால் வயர்லெஸ் வழியாக ஆபத்தே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2019 ஜூனில் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., மெட்ரோனிக் நிறுவனத்தின் மினிமெட் இன்சுலின் பம்ப்களில் சில பழைய மொடல்களைப் பற்றி எச்சரித்தது. அருகில் இருக்கும் ஒருவர் வயர்லெஸ் மூலம் அமைப்பை மாற்றி, மருந்தைக் கூட்டவோ நிறுத்தவோ முடியும் என்பதுதான் காரணம். மென்பொருளால் திருத்த வழி இல்லாததால் பம்பையே மாற்றச் சொன்னார்கள். உங்கள் சென்சர் மருந்து ஏற்றாது, அளவை மட்டும் சொல்லும். நாளைக்கு அண்ணா பம்ப் அனுப்புவதாகச் சொன்னால், மொடல் இலக்கத்தை முதலில் கேளுங்கள்.

கோண்டாவில் மகள்:
நன்றி எல்லோருக்கும். கணக்கு கடையின் மின்னஞ்சலில்தான் இருந்தது. இப்போது என் பெயருக்கு மாற்றிவிட்டேன், அந்த முகவரியும் போய்விட்டது. வைஃபை கடவுச்சொல்லையும் மாற்றினேன். அதிலிருந்து அண்ணாவுக்கு அளவு போகவில்லை, அம்மாவின் போனில் மட்டும் தெரிகிறது.

திருநெல்வேலி நெட்வேர்க்:
சரி, அம்மாவின் போனில் புதிய கடவுச்சொல்லைப் போடுங்கள், போகத் தொடங்கும். ஒழுங்கைப் பிள்ளைகள் கேட்டால் றவுட்டரில் விருந்தினருக்கென்று தனி வைஃபை திறந்து கொடுக்கலாம். றவுட்டருக்குள் நுழையும் கடவுச்சொல் வேறு, அதையும் மாற்றுங்கள். அப்புறம் கடைக்குப் போனால் அந்தப் படத்தைக் கொண்டுபோங்கள். இலங்கையின் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நோய் விவரங்களைச் சிறப்புப் பாதுகாப்புக்குரிய தரவாகவே வைத்திருக்கிறது. வேறு யாருடைய அம்மாவின் கணக்கெல்லாம் அந்த மின்னஞ்சலில் இருக்கிறது என்று கட்டாயம் கேளுங்கள்.