பிளாக்பர்ன் ரோவர்ஸ்: பணம் போட்டுக்கொண்டே இருக்கும் முதலாளியைப் புறக்கணிக்கலாமா?

ரிப்பிள்கரை:

விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. வட இங்கிலாந்தின் லங்காஷயர் மாவட்டத்தில் இருக்கும் பிளாக்பர்ன் ரோவர்ஸ் கால்பந்து கிளப்பை 2010 நவம்பரில் புனேயின் கோழித் தொழில் நிறுவனமான வெங்கீஸ் குழுமம் 2.3 கோடி பவுண்டுக்கு வாங்கியது. வாங்கியபோது அணி இங்கிலாந்தின் முதல் நிலை லீகான ப்ரீமியர் லீகில் இருந்தது. 2012இல் அங்கிருந்து இரண்டாம் நிலைக்கு இறங்கியது. 2017இல் மூன்றாம் நிலைக்கும் போய் ஒரு வருடத்தில் மேலே வந்தது. ப்ரீமியர் லீகுக்குத் திரும்ப இன்னும் வழி பிறக்கவில்லை.

இப்போது ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். சீசன் டிக்கெட் வாங்குவதையே நிறுத்துவோம், காலி இருக்கைகளைப் பார்த்தாவது விற்றுவிட்டுப் போகட்டும் என்பது ஒரு பக்கம். டிக்கெட் வாங்கி உள்ளே போய் எதிர்ப்பைக் காட்டுவோம், அணியைத் தண்டிக்க வேண்டாம் என்பது இன்னொரு பக்கம். நான் முதல் பக்கம். நம் ஆட்கள் என்ன நினைக்கிறீர்கள்?

நாமக்கல்காரன்:

நான் இரண்டு பக்கமும் இல்லை. முதலாளிகளைத் திட்டுவதிலேயே எனக்கு உடன்பாடு இல்லை.

எங்கள் ஊரில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் பி.வி.ராவ் பெயரைச் சொல்வார்கள். வெங்கீஸைத் தொடங்கியவர் அவர்தான். முட்டைக்கு இடைத்தரகர்கள் வைத்ததே விலை என்று இருந்த காலத்தில், 1982இல் பண்ணையாளர்களைச் சேர்த்து தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவை உருவாக்க முன்னின்றவரும் அவர்தான். அந்தக் குடும்பத்தை வந்தோம் சுருட்டினோம் என்று போகிற கூட்டமாகப் பேசுவதை என்னால் ஏற்க முடியாது.

கணக்கைப் பாருங்கள். இதுவரை அவர்கள் கிளப்புக்குள் கொட்டிய பணம் 20 கோடி பவுண்டுக்கு மேல். மான்செஸ்டர் யுனைடெட்டை கிளேசர் குடும்பம் வாங்கியதே கடன் வாங்கித்தான், அந்தக் கடனையும் கிளப் தலையிலேயே கட்டினார்கள். இவர்கள் அப்படிச் செய்யவில்லை. பக்கத்திலேயே இருக்கும் பரி கிளப் என்ன ஆனது? ஒரு பவுண்டுக்குக் கைமாறி, ஒரு வருடம்கூட ஆகாமல், 2019 ஆகஸ்டில் லீகை விட்டே வெளியேற்றப்பட்டது. 1885இல் பிறந்த கிளப். ரோவர்ஸுக்கு அந்தக் கதி வரவில்லை என்றால் அதற்குக் காரணம் புனேயிலிருந்து மாதாமாதம் வந்த பணம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'கோழிக் கம்பெனிக்காரர்களுக்குப் பந்தாட்டம் பற்றி என்ன தெரியும்' என்று எழுதுகிறவர்களில் சிலருக்கு உண்மையான எரிச்சல், முதலாளி இந்தியர் என்பதில் இருக்கிறது.

எழுபத்தைந்து:

நாமக்கல் அண்ணா, உங்கள் ஊர்ப் பண்ணையாளர்களுக்கு ராவ் செய்ததை நான் மதிக்கிறேன். ஆனால் அவர் 1996இலேயே காலமானவர். கிளப்பை வாங்கி நடத்துவது அடுத்த தலைமுறை. அப்பா கட்டிய பெயரை வைத்துப் பிள்ளைகளின் நிர்வாகத்துக்கு மதிப்பெண் போட முடியாது.

இந்த ஊருக்கு ரோவர்ஸ் என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1875இல் தொடங்கிய கிளப். 1888இல் ஃபுட்பால் லீக் உருவானபோது அதைச் சேர்ந்து உருவாக்கிய 12 கிளப்புகளில் ஒன்று. பருத்தி ஆலைகள் மூடிய பிறகு சோர்ந்து கிடந்த ஊர் அது. அந்த ஊரிலேயே பிறந்து, இரும்பு வியாபாரத்தில் சம்பாதித்த ஜாக் வாக்கர் தன் பணத்தைப் போட்டார். கென்னி டால்கிளிஷ் மேனேஜராக வந்தார், ஆலன் ஷீரர் வந்தார். 1994-95 சீசனில் ஷீரர் மட்டும் லீகில் 34 கோல். கடைசி நாளில் ரோவர்ஸ் லிவர்பூலிடம் தோற்றது. அதே நேரத்தில் யுனைடெட் வெஸ்ட் ஹாமில் டிரா செய்தது. 89க்கு 88, ஒரே புள்ளி வித்தியாசத்தில் ரோவர்ஸ் சாம்பியன். லட்சத்துச் சொச்சம் பேர் வசிக்கும் ஊர் இங்கிலாந்தையே ஜெயித்தது! அதனால்தான் இந்த ஊர்க்காரர்களிடம் 'முதலாளி பணம் போடுகிறார் அல்லவா, பேசாமல் இரு' என்று சொன்னால் எடுபடாது. பணம் போட்ட முதலாளி எப்படி இருப்பார் என்று அவர்கள் கண்ணால் பார்த்தவர்கள்.

இப்போது வெங்கீஸ் வந்த பிறகு நடந்ததைப் பாருங்கள். கிளப்பை வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை, மேனேஜர் சாம் அல்லர்டைஸை நீக்கினார்கள். அப்போது அணி 13ஆம் இடத்தில், ஆபத்தில்லாமல் இருந்தது. அவர் இடத்தில் ஸ்டீவ் கீன். நல்ல பயிற்சியாளராக இருக்கலாம், ஆனால் அதுவரை எந்த அணிக்கும் மேனேஜராக இருந்ததில்லை. ரொனால்டினோ வருகிறார் என்ற பேச்சு எழுந்தது, வரவில்லை. இருந்த நல்ல இளைஞன் ஃபில் ஜோன்ஸ் யுனைடெட்டுக்குப் போனான். 2012 மே 7, விகானுக்கு எதிராகச் சொந்த மைதானத்தில் 0-1 தோல்வி, ப்ரீமியர் லீகிலிருந்து இறக்கம். அன்று யாரோ கிளப் கொடியைப் போர்த்திய ஒரு கோழியைக் களத்தில் விட்டார்கள். உலகமே சிரித்தது. ஊர்க்காரர்களுக்கு அது சிரிப்பே இல்லை.

அப்புறம் 2012-13. மேனேஜராக ஹென்னிங் பெர்க் 57 நாள். மைக்கேல் ஆப்பிள்டன் 67 நாள். ஒப்பந்தத்தை முறித்ததற்கு பெர்க் வழக்குப் போட்டு, 22.5 லட்சம் பவுண்ட் கொடுக்கும்படி நீதிமன்றம் சொன்னது. நீங்கள் பெருமையாகச் சொல்லும் அந்த 20 கோடியில் இதுவும்தான் சேரும், அண்ணா. தன் பிழைக்குத் தானே கட்டிய அபராதம் எப்படி நன்கொடை ஆகும்?

இனம் பற்றிச் சொன்னீர்கள். அப்படி எழுதுகிறவனை நானும் மன்னிக்க மாட்டேன். ஆனால் அதை வைத்து எல்லோருடைய வாயையும் அடைக்காதீர்கள். பிளாக்பர்னில் குஜராத்தி, பாகிஸ்தானியக் குடும்பங்கள் இரண்டு மூன்று தலைமுறையாக இருக்கின்றன. 2022இல் ரோவர்ஸின் சொந்த மைதானமான ஈவுட் பார்க் களத்திலேயே ஈத் தொழுகை நடந்தது, இங்கிலாந்துக் கிளப்புகளில் அதுதான் முதல் முறை. அந்தக் குடும்பங்களிலும் ரோவர்ஸ் ரசிகர்கள் இருக்கிறார்கள். மேனேஜர் ஏன் போனார் என்று கேட்க அவர்களுக்கும் உரிமை உண்டு.

நாமக்கல்காரன்:

முதல் மூன்று வருடம் மோசம், ஒத்துக்கொள்கிறேன். புதிதாக வந்தவர்கள், ஏஜெண்டுகள் பேச்சைக் கேட்டுக் கெட்டார்கள். ஆனால் நீங்கள் 2013இலேயே நின்றுவிட்டீர்கள். 2017 பிப்ரவரியில் மேனேஜராக வந்த டோனி மோப்ரேவை, அணி மூன்றாம் நிலைக்கு இறங்கிய பிறகும் நீக்காமல் ஐந்து வருடத்துக்கு மேல் வைத்திருந்தார்களே? அடுத்த வருடமே அணி மேலே வந்தது. அடுத்த மேனேஜர் டோமாசன் காலத்தில், 2022-23இல், ப்ரீமியர் லீகுக்குப் போகும் வாய்ப்புத் தரும் பிளே-ஆஃப் ஆட்டங்களுக்கான இடம் கோல் வித்தியாசத்தில்தான் கைநழுவியது. கோவிட் காலத்தில் மைதானத்தில் ஒரு ஆள் இல்லை, டிக்கெட் வருமானம் பூஜ்யம். அப்போது சம்பளம் யார் கொடுத்தது?

பனிமூட்டம்:

இந்த விவாதத்தில் பிளாக்பூலைப் பற்றி யாருமே பேசவில்லையே. அதே மாவட்டம். அவர்களும் முதலாளியைப் புறக்கணித்தார்கள், ஜெயித்தார்கள்.

2010இல் பிளாக்பூல் ப்ரீமியர் லீகுக்குப் போனது. ஒரே வருடத்தில் இறங்கியது. அங்கே கிடைத்த பணத்தைக் கிளப்பின் முதலாளிகளான ஆய்ஸ்டன் குடும்பம் கிளப்புக்குச் செலவழிக்கவில்லை, வெளியே எடுத்தது. எதிர்த்து எழுதிய ரசிகர்கள் மேலேயே அவதூறு வழக்குப் போட்டார்கள். ரசிகர்கள் 'இனி ஒரு பென்னிகூடக் கிடையாது' என்று முடிவெடுத்து, 2015 முதல் 2019 வரை உள்ளே போகவே இல்லை. டிக்கெட் மட்டும் இல்லை, தேநீர்கூட உள்ளே வாங்கவில்லை. 2019 மார்ச் 9, சவுத்தெண்டுக்கு எதிரான ஆட்டத்துக்குத் திரும்பினார்கள். 15 ஆயிரத்துக்கு மேல் கூட்டம். சில வாரம் முன்புவரை சில ஆயிரம் பேர் வந்துகொண்டிருந்த மைதானம் அது.

எல்லைக்கோடு:

பனிமூட்டம், பாதிக் கதையைச் சொல்லியிருக்கிறீர்கள். ஆய்ஸ்டன் குடும்பத்தை வீழ்த்தியது நீதிமன்றம். கிளப்பில் பங்கு வைத்திருந்த லாட்வியாக்காரர் வலேரி பெலோகோன் வழக்குத் தொடுத்தார். 2017 நவம்பரில் அவருக்கு 3.1 கோடி பவுண்டுக்கு மேல் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு. கொடுக்க முடியாமல் போகவே 2019 பிப்ரவரியில் நீதிமன்றம் நியமித்த அதிகாரி கிளப்பை எடுத்துக்கொண்டார். புறக்கணிப்பு அந்த நான்கு வருடமும் விஷயத்தை உயிரோடு வைத்திருந்தது, மறுக்கவில்லை. ஆனால் வெங்கீஸுக்குள் ஒரு பெலோகோன் கிடையாது. கிளப் முழுக்க ஒரே குடும்பத்தின் கையில்.

அதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று இருக்கிறது. ஆய்ஸ்டன் குடும்பம் கிளப்பிலிருந்து சம்பாதித்தது, அதனால் வருமானம் நின்றால் அவர்களுக்கு வலித்தது. வெங்கீஸ் கிளப்பிலிருந்து சம்பாதிக்கவில்லை, வருடாவருடம் நஷ்டத்தை நிரப்புகிறது. நீங்கள் டிக்கெட் வாங்காவிட்டால் அந்தப் பள்ளம் இன்னும் கொஞ்சம் பெரிதாகும். அதை நிரப்ப கிளப் இன்னும் அதிகமாகப் புனேயைத்தான் நம்ப வேண்டிவரும், அல்லது இன்னொரு ஆட்டக்காரனை விற்க வேண்டிவரும். முதலாளியை விரட்டக் கிளம்பி, முதலாளி இல்லாமல் நிற்கவே முடியாத இடத்துக்குக் கிளப்பைத் தள்ளுகிறீர்கள்.

கூட்டத்தைப் பாருங்கள். 31 ஆயிரம் பேர் அமரும் மைதானம். ப்ரீமியர் லீக் காலத்தில் சராசரியாக 25 ஆயிரம் பேர் வந்தார்கள். 2016-17இல் அது 13 ஆயிரத்தை ஒட்டி இறங்கியது. யாரும் அறிவிக்காமலே பாதிப் பேர் போய்விட்டார்கள். அப்போது விற்காதவர்கள் இப்போது இன்னும் ஐயாயிரம் பேர் குறைந்தால் விற்பார்களா?

ரிப்பிள்கரை:

எல்லைக்கோடு சொல்வதில் கணக்கு சரி. ஆனால் 2016-17இல் போனவர்கள் தனித்தனியாக மனம் கசந்து போனவர்கள். காரணத்தைச் சொல்லி, கோரிக்கை வைத்து, ஒரே நாளில் சேர்ந்து வெளியே நிற்பது வேறு. அதைப் பத்திரிகை எழுதும், லீக் பார்க்கும், வாங்க நினைப்பவனும் பார்ப்பான். போகாமல் இருப்பது எங்களுக்குச் சுகமான விஷயம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். சனிக்கிழமை மூன்று மணிக்கு வீட்டில் உட்கார்ந்திருப்பது அத்தனை கஷ்டம்.

தாழை:

பெண்கள் அணியைப் பற்றி ஒரு வார்த்தைகூட வரவில்லை. 2025இல் ரோவர்ஸ் பெண்கள் அணி இரண்டாம் நிலை லீகிலிருந்து தானாகவே விலகியது. அந்த லீக் கேட்கும் வசதிகளுக்கும் ஆட்களுக்கும் செலவு செய்ய முதலாளிகள் தயாராக இல்லை. ஆடித் தோற்று இறங்கவில்லை, செலவு வேண்டாம் என்று இறக்கப்பட்டார்கள். 20 கோடி போட்டவர்கள் என்று வாதாடும் நாமக்கல் சார் இதற்கு என்ன சொல்வார்?

நாமக்கல்காரன்:

தாழை, அது எனக்கும் வருத்தம்தான், நியாயப்படுத்த மாட்டேன்.

ஆனால் பணம் ஏன் சுருங்கியது என்பதையும் சொல்லுங்கள். 2023இலிருந்து இந்தியாவிலிருந்து கிளப்புக்குப் பணம் அனுப்புவது அமலாக்கத் துறை விசாரணையில் சிக்கியது. அனுப்ப வேண்டுமானால் டெல்லி உயர்நீதிமன்றத்தில் அனுமதி கேட்க வேண்டியிருந்தது, வங்கி உத்தரவாதமும் கட்ட வேண்டியிருந்தது. அந்த நெருக்கடியில்தான் 2024 பிப்ரவரியில் ஆட்டக்காரர் ஆடம் வார்ட்டனைக் கிரிஸ்டல் பேலஸுக்கு விற்றார்கள்.

எழுபத்தைந்து:

வார்ட்டன் பிளாக்பர்னிலேயே பிறந்த பையன், சிறுவயதிலிருந்து ரோவர்ஸ் பயிற்சிக்கூடத்தில் வளர்ந்தவன். விற்ற சில மாதத்தில் யூரோ கோப்பைக்கான இங்கிலாந்து அணியில் இருந்தான். சரி, பணத் தட்டுப்பாடு, விற்றார்கள். அதை விடுங்கள்.

பணமே தேவைப்படாத விஷயத்துக்கு வருகிறேன். 2023 ஜனவரி, ஆட்டக்காரர்களை வாங்க விற்க அனுமதிக்கும் டிரான்ஸ்ஃபர் காலத்தின் கடைசி நாள். லூயிஸ் ஓ'பிரையன் என்ற ஆட்டக்காரர் லோனில், அதாவது தற்காலிகமாக, வருவதாகப் பேசி முடித்தாகிவிட்டது. காகிதங்கள் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை, லீக் நிராகரித்தது. அந்த சீசன்தான் கோல் வித்தியாசத்தில் பிளே-ஆஃப் கைநழுவியது என்று நீங்களே சொன்ன சீசன். சரியாக ஒரு வருடம் கழித்து, 2024இல், அமெரிக்காவிலிருந்து டங்கன் மெக்வயர் வந்து சேர்ந்தே விட்டார். மறுபடியும் காகிதத்தில் பிழை, மறுபடியும் நிராகரிப்பு. அதற்கு அடுத்த வாரமே டோமாசன் கிளம்பினார். அடுத்து வந்த யூஸ்டஸும் 2025 பிப்ரவரியில், பிளே-ஆஃப் இடத்தில் அணி இருக்கும்போதே, புள்ளிப் பட்டியலில் கீழே கிடந்த டெர்பிக்குப் போனார். ஏன் போகிறார்கள்? இதற்கு எந்த நீதிமன்ற அனுமதி குறுக்கே நின்றது?

முதலாளிகள் பல வருடமாக ஈவுட் பார்க் பக்கம் வருவது அரிது. ரசிகர்களிடம் நேரில் பேசுவது அதைவிட அரிது. எங்கள் கோபம் அவர்கள் கொடுக்காத பணத்தைப் பற்றியது அல்ல. யார் முடிவெடுக்கிறார், ஏன் எடுக்கிறார் என்று பதில் சொல்ல ஒரு ஆள் இல்லை என்பதைப் பற்றியது.

எல்லைக்கோடு:

இதில் எழுபத்தைந்தோடு முழுக்க உடன்படுகிறேன். அதனால்தான் புறக்கணிப்பைவிட நல்ல வழி இருக்கிறது என்கிறேன். 2025 ஜூலையில் இங்கிலாந்தில் புதிய கால்பந்து நிர்வாகச் சட்டம் வந்துவிட்டது. தனி ஒழுங்குமுறை அமைப்பு, கிளப்புகளுக்கு உரிமம், முதலாளிகளுக்குத் தகுதிச் சோதனை, ரசிகர்களைக் கலந்து பேசியே ஆக வேண்டும் என்ற கடமை எல்லாம் அதில் இருக்கின்றன. பணம் வரும் பாதை நீதிமன்ற அனுமதியை நம்பி இருந்த கிளப்பின் நிதித் திட்டத்தை அந்த அமைப்பு கேள்வி கேட்காமல் இருக்க முடியாது. ரசிகர் அறக்கட்டளையில் சேர்ந்து, ஆவணங்களைத் திரட்டி, அங்கே கொண்டுபோய்க் கொடுங்கள். சீசன் டிக்கெட் வைத்திருக்கும் பத்தாயிரம் பேர் கையெழுத்துப் போட்ட மனுவுக்கு, வெளியே நிற்கும் பத்தாயிரம் பேரைவிட எடை அதிகம்.

நாமக்கல்காரன்:

இதற்கு நான் எதிரி இல்லை. பேசுங்கள், கேளுங்கள். ஆனால் விற்றுவிட்டுப் போ என்று கத்தும்போது ஒன்றை யோசியுங்கள். வாங்குகிறவன் யார்? அவன் பரியை ஒரு பவுண்டுக்கு வாங்கியவனைப் போல இருக்க மாட்டான் என்று யார் பொறுப்பு? போட்ட 20 கோடியையும் மறந்துவிட்டு விற்கச் சொல்கிறீர்களா?

எழுபத்தைந்து:

மறக்கச் சொல்லவில்லை. விற்க விருப்பமா இல்லையா என்று வெளிப்படையாகச் சொல்லட்டும். விருப்பம் என்றால் போட்டதில் எவ்வளவு திரும்ப வேண்டும், எவ்வளவை விட்டுக்கொடுப்பார்கள் என்று ஒரு தொகை சொல்லட்டும். இல்லை, தொடர்ந்து நடத்துவோம் என்றால், கால்பந்து தெரிந்த ஒருவரைப் பிளாக்பர்னிலேயே உட்கார வைத்து, மாதம் ஒரு முறை ரசிகர்கள் முன் பதில் சொல்ல வைக்கட்டும். இரண்டில் எது நடந்தாலும் அடுத்த சீசன் டிக்கெட்டை நான் முதல் நாளே வாங்குவேன். இரண்டும் நடக்காதவரை நான் ரிப்பிள்கரையோடு வெளியில்தான்.