சுவிஸ் ஏரியில் பழைய நீராவிக் கப்பல்: அப்பச்சியைக் கூட்டிப் போகிறேன், விவரம் வேண்டும்

தேவகோட்டைக்காரன்:
தம்பி சூரிச்சில் வேலை பார்க்கிறான். வருகிற ஜூனில் அப்பச்சியையும் ஆத்தாவையும் அங்கே கூட்டிப் போகிறேன். அப்பச்சிக்கு எண்பது நெருங்குகிறது, மலை, பனி, சாக்லேட் எதிலும் நாட்டமில்லை. 1968ல் நாகப்பட்டினத்தில் தோணியில் போய் ராஜுலா கப்பலேறி, பினாங்கு கடைக்குப் போனவர்; இன்றைக்கும் முகப்பில் யார் வந்து உட்கார்ந்தாலும் பேச்சு சுற்றிச் சுற்றி அந்தக் கப்பலில்தான் போய் நிற்கும். லூசெர்ன் ஏரியில் நூறு வருடத்துக் கப்பல்கள் இன்னும் ஓடுகின்றன என்று தம்பி போனில் சொன்னதும் வெற்றிலைப் பெட்டியை மூடி வைத்துவிட்டு, "கடலே இல்லாத ஊருக்குக் கப்பல் எந்த வழியாடா போச்சு? யார் ஏறினது?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. டூர் ஏஜென்டைக் கேட்டால் "ஒரு மணி நேரம் போட்டிங் பேக்கேஜிலேயே இருக்கு சார்" என்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொதிகலன்:
கப்பல் துண்டு துண்டாகப் போனது, அதுதான் பதில். அந்நாட்டு ஏரிகளில் முதல் நீராவிக் கப்பல் 1823ல் ஜெனீவா ஏரியில் ஓடிய 'கியோம் டெல்'. மரக் கப்பல், ஓடவிட்டவர் எட்வர்ட் சர்ச் என்ற அமெரிக்கத் தூதரக அதிகாரி. சூரிச் ஏரிக்கு 1835ல் வந்த 'மினெர்வா' இரும்பு. மான்செஸ்டரில் கட்டி, கடல் தாண்டி ரைன் ஆற்றில் ஏறி, அதற்கு மேல் ஆறு விடாது என்றதும் கழற்றி வண்டிகளில் ஏற்றிக் கொண்டுபோய் மறுபடி பூட்டினார்கள். நம்ம ஊர் வளவுக்குப் பர்மா தேக்குத் தூணைக் கப்பலில் இறக்கி மாட்டு வண்டியில் கொண்டுவந்த கதைதான், திசை மட்டும் வேறு! அப்படிப் பூட்டிப் பழகிய சூரிச் கம்பெனி எஷர் வீஸ், பிறகு தானே கப்பல் கட்ட ஆரம்பித்துவிட்டது.

லூசெர்னில் 1837ல் முதல் கப்பல் வந்தபோது துடுப்புப் படகுக்காரர்கள் பிழைப்புப் போகிறதே என்று எதிர்த்தார்கள். ஏறியவர்கள் சுற்றுலாக்காரர்கள் மட்டுமில்லை. வடக்கேயிருந்து இத்தாலி போகிறவர்கள் லூசெர்னில் கப்பலேறி, தென்கோடியில் ஃப்ளூயெலனில் இறங்கி, குதிரை வண்டியில் ஆல்ப்ஸ் மலையின் கோட்டார்ட் கணவாய் ஏறுவார்கள். அந்தக் கோடியில் கரை செங்குத்துப் பாறை, அதைக் குடைந்து ஆக்ஸன் சாலை போட்டு முடித்ததே 1865ல்தான். அதுவரை ஏரிதான் ரோடு. 1882ல் கோட்டார்ட் ரயில் வந்து அந்தக் கூட்டத்தை வாரிக்கொண்டு போய்விட்டது.

கானாடுகாத்தான் ஆச்சி:
நான் இரண்டு வருடம் முன்னால் போய் வந்தேன். லூசெர்னில் நீராவிக் கப்பல் ஐந்து: 'உரி' 1901, 'உன்டர்வால்டன்' 1902, 'ஷில்லர்' 1906, 'காலியா' 1913, 'ஷ்டாட் லூசெர்ன்' 1928. ரயில் வந்தபிறகு கட்டியவை, எல்லாம் வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்துக்காக. 1871ல் விட்ஸ்னாவிலிருந்து ரிகி மலைக்குப் பல்சக்கர ரயில் போட்டார்கள், அந்த ரயிலைப் பிடிக்கவே கப்பலில் கூட்டம் வந்தது.

அப்பச்சியை 'உரி'யில் ஏற்றுங்கள். நடுவில் தளம் திறந்திருக்கும், எட்டிப் பார்த்தால் கீழே எஞ்சின். ஆள் உயர இரும்புத் தண்டு, எண்ணெய் மினுக்க, சத்தமே இல்லாமல் போய் வரும். சுடுஎண்ணெய் வாசனையோடு சூடு முகத்தில் அடிக்கும். வீட்டுக்காரர் மலையைப் பார்க்காமல் அங்கேயே நின்றுவிட்டார், ஏரி எப்படி இருந்தது என்று ஊரில் கேட்டால் இன்றைக்கும் எஞ்சினைத்தான் சொல்வார்.

'உன்டர்வால்டன்' கிடைத்தால் இன்னொரு வேடிக்கை. வழியில் தாழ்வான பாலம் ஒன்று உண்டு, அதற்காகப் புகைபோக்கியையும் மாலுமி அறையையும் கீழே இறக்கிக்கொண்டு நுழையும்!

குன்றக்குடி ராஜா:
ஆச்சி சொன்னதோடு ஒன்று. கரி தள்ளுகிற ஆளைத் தேடினால் ஏமாற்றம்தான், எண்ணெய் எரிப்புக்கு மாறி வெகுநாளாச்சு. ஆனால் நீராவி நிஜம், பக்கவாட்டில் துடுப்புச் சக்கரம் நிஜம். 1970களில் பழசையெல்லாம் உடைத்துவிடலாம் என்ற பேச்சு வந்தபோது ஊர்க்காரர்கள் சங்கம் வைத்து, பணம் திரட்டிக் காப்பாற்றினார்கள். நாம் இங்கே நிலைக்கதவைப் பெயர்த்துப் பழம்பொருள் கடைக்கு விற்றுக்கொண்டிருக்கிறோம், அது வேறு வயிற்றெரிச்சல். 'ஷ்டாட் லூசெர்ன்' 1940 ஜூலை 25 அன்று சுவிஸ் படைத் தளபதி கீசானையும் அவருடைய அதிகாரிகளையும் ஏரிக்கரையில் ரூட்லி என்ற புல்வெளிக்குக் கொண்டுபோன கப்பல். சுற்றிலும் போர், அந்தப் புல்வெளியில் வைத்துத்தான் எதிர்த்து நிற்போம் என்று அவர்களிடம் சொன்னார்.

அந்த ஒரு மணி நேரப் பேக்கேஜ் பெரும்பாலும் மோட்டார் படகாக இருக்கும், விடுங்கள். லூசெர்னிலிருந்து ஃப்ளூயெலன் வரை மூன்று மணி நேரத்துக்குக் கிட்ட ஆகும், திரும்ப ரயிலில் வந்துவிடலாம். எந்த நேரத்துக்கு நீராவிக் கப்பல் என்று அட்டவணை பார்த்து ஏறுங்கள். சுவிஸ் டிராவல் பாஸ் இருந்தால் தனி டிக்கெட் வேண்டாம். மேல்தளம் முதல் வகுப்பு, கீழே இரண்டாம் வகுப்பு.

தேவகோட்டைக்காரன்:
ஆச்சிக்கும் அண்ணன்மாருக்கும் நன்றி. எல்லாவற்றையும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். மேல்தளம் முதல் வகுப்பு என்றதும் அப்பச்சி நிறுத்தச் சொன்னார். ராஜுலாவில் கீழே டெக்கில் பாய் விரித்துப் போனவர், மேலே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்களை ஏழு நாள் அண்ணாந்து பார்த்தாராம். "மேலுக்கே போடு. ஆனா எஞ்சின் பார்க்கக் கீழே விடுவானான்னு கேட்டுச் சொல்லு" என்கிறார். விடுவார்களா ஆச்சி?

கானாடுகாத்தான் ஆச்சி:
மேல் டிக்கெட் இருந்தால் கீழே தாராளமாகப் போகலாம். படி கொஞ்சம் செங்குத்து, கைப்பிடித்து இறக்குங்கள்.