உருவம் சரியாக வருகிறது, சுற்றியுள்ள வயல் ஒட்டவில்லை. என்ன செய்யலாம்?

குடமுருட்டி எழுதியது:
வணக்கம். கும்பகோணத்தில் ஓவியம் படிக்கிறேன். நடவு வயலில் குனிந்து நிற்கும் என் பெரியம்மாவை எண்ணெய் வண்ணத்தில் வரைந்துகொண்டிருக்கிறேன். முகம், கை, சேலைக்கு மேல் போட்டிருக்கும் பெரியப்பாவின் கட்டம்போட்ட சட்டை எல்லாம் அச்சாக வந்துவிட்டன. வயலை மட்டும் அரூபமாக, அதாவது உருவம் இல்லாமல் வெறும் நிறமும் தீற்றலுமாக, வைக்க நினைத்து, வண்ணம் தீட்டும் கத்தியால் பச்சையும் சாம்பலும் இழுத்தேன். பார்த்தவர்கள் எல்லோரும் வெட்டி ஒட்டியதுபோல் இருக்கிறது என்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. புகைப்படம்போல் நுணுக்கமாக வரைந்த ஓவியர் இளையராஜாவின் படங்களைப் பார்த்து வளர்ந்தவன். நுணுக்கத்தை விட மனம் வரவில்லை, அரூபத்தையும் விட முடியவில்லை. இரண்டையும் ஒரே படத்தில் வைத்தவர்கள் யார், எப்படி வைத்தார்கள்? புகைப்படம் இணைத்திருக்கிறேன்.

மன்னை ரசிகன் எழுதியது:
பெரியம்மா அருமை. வயலைக் கொஞ்சம் மங்கலாக்கிவிட்டால் போதும் நண்பரே, கேமராவில் வருவதுபோல் பொருந்திவிடும்.

ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர், திருவாரூர் எழுதியது:
தம்பி, வயலைத் தொடாதீர்கள். கோளாறு பெரியம்மாவிடம் இருக்கிறது.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தோளில் வெயில் அடிக்கும் இடத்தில் விளிம்பு கூர்மையாக இருக்கிறது, சரி. வயிற்றுப் பக்க நிழலிலும் அதே கூர்மை, கால் சேற்றுக்குள் இறங்கும் இடத்திலும் அதே கூர்மை. நடவு வயலில் கணுக்காலுக்கு ஏது விளிம்பு? சேறு அப்பிய கால், கலங்கிய தண்ணீர், அதில் விழும் காலின் சாயல் மூன்றும் ஒரே பழுப்பு. கண்ணைச் சுருக்கிப் பாருங்கள், கால் எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாது. அங்கே போய்க் கோடு போட்டிருக்கிறீர்கள். அரூபம் படத்துக்குள் நுழைய வேண்டிய வாசலே அதுதான்.

கேட்ட பெயர்களுக்கு வருகிறேன். அமெரிக்கர் ரிச்சர்ட் டீபன்கார்னிலிருந்து தொடங்குங்கள். அரூபத்தில் பெயர் எடுத்தவர், 1955 வாக்கில் உருவத்துக்குத் திரும்பினார், 1967-இல் மறுபடி அரூபத்துக்கே போய்விட்டார். இடைப்பட்ட காலத்துப் படங்களில் நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள்; முகத்தில் கண் மூக்கு ஏறக்குறைய இருக்காது. சுவர், தரை, பாவாடை எல்லாமே அகலமான தூரிகையின் பட்டைகள். உடம்பையும் சுவரையும் ஒரே கை, ஒரே வேகத்தில் தீட்டியிருப்பதால் அவள் அந்த அறையில் உட்கார்ந்திருப்பதாக நம்புகிறோம்.

ஜெர்மானியர் கெர்ஹார்ட் ரிக்டர் வேறு வழி. அவருடைய ‘பெட்டி’ (1988) படத்தில் மகள் நமக்கு முதுகைக் காட்டித் திரும்பியிருக்கிறாள். முடியும், சிவப்புப் பூப்போட்ட மேலாடையும் புகைப்படம் தோற்கும். அவள் திரும்பியிருக்கும் பக்கம் இருப்பதோ ரிக்டரே வரைந்த வெறும் சாம்பல் ஓவியம். யதார்த்தமும் அரூபமும் எதிரெதிரே நிற்கின்றன, ஆனாலும் ஒட்டியது போல இல்லை. விளிம்புகளை ஈரத்தில் மென்மையாக்கி விடுவதில் அவர் கைகாரர்.

நம் திருச்சிப் பக்கத்து ஓவியர் ஆதிமூலத்தை விட்டுவிடக் கூடாது. எல்லோரும் அவருடைய காந்தி கோட்டோவியங்கள் ஒரு பக்கம், பிற்கால வண்ண அரூபங்கள் இன்னொரு பக்கம் என்று பிரிப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தக் காந்தியின் சால்வையில் கோடுகள் எங்கே துணியாக இருப்பதை நிறுத்துகின்றன என்று பாருங்கள்.

இளையராஜா 2021-இல் போனது பெரிய இழப்பு. ஆனால் உங்கள் கேள்விக்கு அவரிடம் விடை இல்லை. அவர் இந்தத் திசைக்கே வரவில்லை.

சுவாமிமலை வாசி எழுதியது:
மாஸ்டர் ஐயா அயல்நாட்டுக்குப் போயிருக்கவே வேண்டாம். தஞ்சைப் பெரிய கோயில் உட்சுற்றில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை எஸ்.கே. கோவிந்தசாமி 1931-இல் கண்டறிந்தாரே, அந்தப் படங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். சுதை பெயர்ந்த இடத்தில் பாதி முகம், மீதி வெறும் சுவர். இதைவிடவா யதார்த்தமும் அரூபமும் கலந்திருக்கும்?

ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர், திருவாரூர் எழுதியது:
அது சிதைவு ஐயா. ஓவியன் முழு முகத்தைத்தான் வரைந்தான், காலம் பாதியைத் தின்றுவிட்டது. ரசிக்கலாம், ஆனால் அதைப் பார்த்து இந்தப் பையன் முகத்தைப் பாதியோடு நிறுத்தினால் வெறும் பாவனையாகிவிடும். எதை விடுவது என்பதை வரைகிறவன்தான் முடிவு செய்ய வேண்டும்.

குடமுருட்டி எழுதியது:
மிக்க நன்றி ஐயா. ஆனால் கால் பகுதி காய்ந்துவிட்டது. இப்போது எப்படிக் கரைப்பது?

ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர், திருவாரூர் எழுதியது:
நன்றாகக் காய்ந்திருந்தால் நல்லதுதான். உப்புத்தாளை நனைத்து அந்த விளிம்பை மட்டும் லேசாகத் தேய்த்து, துடைத்துவிடுங்கள். ஆளிவிதை எண்ணெயை மெல்லிய படலமாகத் தடவி, அம்பர் (umber) என்ற மண் பழுப்பையும் உங்கள் வயல் சாம்பலையும் கலந்து, காலுக்கும் தண்ணீருக்கும் குறுக்கே ஒரே இழுப்பாக இழுங்கள். அதே கலவையில் கொஞ்சம் எடுத்துக் கழுத்து நிழலிலும் சட்டை மடிப்பிலும் சேருங்கள். வயலின் நிறம் உடம்புக்குள்ளும் இருக்க வேண்டும். அடியில் எண்ணெய் குறைவு, மேலே போகப் போக அதிகம் என்ற முறையை மாற்றாதீர்கள், பிறகு வெடிக்கும். ஐப்பசி மழையில் சீக்கிரம் காயவில்லையே என்று மேலே அக்ரிலிக் போட்டுவிட வேண்டாம். எண்ணெய்மேல் அது பிடிக்காது. முகத்தையும், நாற்றுமுடியைப் பிடித்த இடது கையையும் அப்படியே விட்டுவிடுங்கள். காய்ந்ததும் புகைப்படம் போடுங்கள், பகல் வெளிச்சத்தில் எடுத்தது.