1993-ல் லேர்டால் சுரங்கப்பாதை எங்கே இருந்தது?

பழைய கேசட்:
கருங்குரல் எழுதிய ‘மௌன நெடுஞ்சாலை’ பதிவைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. படிக்காதவர்களுக்குச் சுருக்கம்: 1993 ஜனவரி. நார்வேயில் பெர்கனிலிருந்து ஆஸ்லோவுக்கு ஒரு ஓட்டை வேன் போகிறது. முன் சீட்டில் பிளாக் மெட்டல் (கிறீச்சிடும் குரலும் இருண்ட தோற்றமும் கொண்ட மெட்டல் இசை வகை) பாடகர் ஒருவர், பெயர் கிடையாது. வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. யாராவது ஏதாவது கேட்டால் உறுமுகிறார், அவ்வளவுதான். லேர்டால் சுரங்கப்பாதையின் நீல வெளிச்சம் முகத்தில் விழுகிறது, இமைகூட ஆடவில்லை. ‘உண்மையான பாடகனுக்கு மேடையும் வேனும் ஒன்றே, அலுப்பு அவனை நெருங்காது’ என்று முடித்திருக்கிறார். கீழே ஒரே கைதட்டல்.

ஐயா, லேர்டால் சுரங்கப்பாதை திறந்தது 2000 நவம்பர் 27-ஆம் தேதி. தோண்ட ஆரம்பித்ததே 1995-ல். 1993 ஜனவரியில் அங்கே இருந்தது மலை. வேன் மலைக்குள் எப்படிப் போனது என்று கைதட்டியவர்களில் யாராவது சொன்னால் தேவலை.

கருங்குரல்:
வந்துவிட்டார் தேதி வாத்தியார். அது புனைவு, ஒரு மனநிலையைப் பிடிக்க எழுதியது. இசையை வெளியீட்டு வருடமும் கேட்டலாக் எண்ணுமாகச் சேர்த்து வைப்பவருக்கு அது எட்டாததில் ஆச்சரியமில்லை. நான் கேட்பதற்குப் பதில் சொல்லுங்கள். அந்தப் பாடகனின் மௌனம் உண்மையா, இல்லையா?

பழைய கேசட்:
மௌனம் இருக்கட்டும். சுரங்கம் இருந்ததா?

ட்ரெமலோ தம்பி:
எனக்குப் பதிவு பிடித்திருந்தது அண்ணா. அந்த நீல வெளிச்ச வரி செம. ஆனால் எல்லாப் பாடகர்களும் அப்படியா என்பதுதான் சந்தேகம். எம்பரர் பேண்டின் பாடகர் இஹ்சானின் பேட்டிகளைப் பார்த்தால் நம் பக்கத்து வீட்டு வாத்தியார் மாதிரி பொறுமையாகப் பேசுகிறார். நிஜமாகவே நோட்டோடன் ஊரில் பிள்ளைகளுக்கு இசை சொல்லிக்கொடுத்தவர்தான்.

கருங்குரல்:
தம்பி, இஹ்சான் இப்போது அப்படி. நான் எழுதியது 1993-ஐ. பெர்கன் ஃபான்டாஃப்ட் மரத் தேவாலயம் எரிந்தது 1992 ஜூனில், பழி பிளாக் மெட்டல்காரர்கள்மேல் விழுந்தது. அந்தச் சூழலில் வளர்ந்த பாடகன் வேனில் உட்கார்ந்து ஜோக் அடித்துக்கொண்டு போயிருப்பான் என்று நினைக்கிறாயா?

பழைய கேசட்:
1992 ஜூன் நினைவிருக்கிறது, 2000 நவம்பர் மட்டும் கசக்கிறது.

சரி, 1993 என்று நீங்களே சொன்னதால் சொல்கிறேன். அந்த வருடம் ஜூலையில் எம்பரர் தங்கள் முதல் முழு ஆல்பத்தைப் பதிவு செய்ய பெர்கனில் இருக்கும் கிரீக்ஹாலனுக்குப் போனார்கள். இஹ்சான் 1975 அக்டோபரில் பிறந்தவர். ஆக அப்போது வயது 17. நார்வேயில் கார் ஓட்ட 18 ஆக வேண்டும். உங்கள் ‘இருளின் தூதன்’ ஸ்டியரிங்கையே தொட முடியாது. யாரோ ஓட்ட, ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டு போன பையன் அவர். அப்புறம், நோட்டோடனிலிருந்து மேற்கே போக ஹௌகெலி மலைச்சாலை இருக்கிறது. லேர்டால் பக்கம் தலைவைத்துப் படுக்க வேண்டிய அவசியமே இல்லை. சுரங்கம் இருந்திருந்தால்கூட வந்திருக்க மாட்டார்கள். இல்லாத சுரங்கத்துக்கு எதற்கு வரப்போகிறார்கள்?

கருங்குரல்:
இஹ்சான் என்று நான் எங்கே எழுதினேன்? பெயரில்லாத பாத்திரம் அது. அவன் ஓட்டவும் இல்லை, முன் சீட்டில் உட்கார்ந்திருக்கிறான். பதிவை ஒழுங்காகப் படித்துவிட்டுச் சண்டைக்கு வாருங்கள்.

பனிச்சீலை:
இரண்டு பேரும் முக்கியமானதை விட்டுவிட்டு எதையோ பிடித்துத் தொங்குகிறீர்கள். நான் ஒரு சின்ன பேண்டில் இந்தப் பாணியில் பாடுகிறேன். வேனில் வாயை மூடிக்கொண்டு வருவதற்குக் காரணம் தத்துவம் அல்ல, தொண்டை. ஓடுகிற வண்டியின் இரைச்சலை மீறிப் பேச வேண்டுமானால் தன்னை அறியாமல் சத்தத்தை உயர்த்துவோம். ஹீட்டர் காற்று வேறு தொண்டையை வறட்டிவிடும். மறுநாள் ஒரு மணி நேரம் கிழிந்த குரலில் கத்த வேண்டியவர் தண்ணீரைக் குடித்துக்கொண்டு சும்மா வருவார். அதைப் பார்த்து ‘ஆகா, என்ன இறுக்கம்’ என்று நீங்கள் கவிதை எழுதுகிறீர்கள்.

இன்னொன்று. உங்கள் ஆள் வழி முழுக்க உறுமிக்கொண்டே வருகிறார். அடிவயிற்று உறுமல் டெத் மெட்டல்காரர்களுடையது. இந்தப் பக்கம் குரல் மேலே போகும், கிறீச்சிடும். எது எப்படியோ, ஓய்வெடுக்க வேண்டியவர் எதற்காக ஆஸ்லோ வரை உறுமுகிறார்?

கருங்குரல்:
ஒரு மாபெரும் மௌனத்தை இருமல் மருந்து விவகாரமாக்கிவிட்டீர்கள், நன்றி. கோர்கரோத் பேண்டில் பாடிய கோல் 2005-ல் வந்த ஓர் ஆவணப்படத்தில் என்ன செய்தார்? உங்கள் இசைக்குப் பின்னால் இருக்கும் கொள்கை என்ன என்று கேட்கிறார்கள். நிதானமாகக் கேட்டுவிட்டு ‘சாத்தான்’ என்ற ஒரே சொல்லைச் சொல்கிறார். அவ்வளவுதான் அந்தக் கேள்விக்குப் பதில். அதுவும் தொண்டை வறட்சியா?

பழைய கேசட்:
அவர் கையில் ஒயின் கிளாஸ் இருந்தது. ஓடும் வேனில் ஒயின் கிளாஸைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து பாருங்கள், மௌனம் எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று தெரியும். அறையில் நாற்காலியில் உட்கார்ந்து, கேமரா ஓடும்போது ஒற்றைச் சொல் சொல்வது வேறு, பிளாஸ்டிக் சீட்டில் மரத்துப்போன காலோடு உட்கார்ந்திருப்பது வேறு. கேமராவும் இல்லை, பார்ப்பதற்கு ஆளும் இல்லை என்றால் எவனும் ‘அடுத்த பெட்ரோல் பங்க் எப்போது வரும்’ என்றுதான் கேட்பான்.

அது போகட்டும். கோலின் ஒற்றைச் சொல்லால் சுரங்கம் ஏழு வருடம் முன்னதாகத் திறந்துவிடாது.

ட்ரெமலோ தம்பி:
ஹா ஹா. டார்க்த்ரோன் பேண்டின் ஃபென்ரிஸைப் பாருங்களேன். தபால் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். ஊர் சபைத் தேர்தலில் பூனையைக் கையில் பிடித்துக்கொண்டு, எனக்கு ஓட்டுப் போடாதீர்கள் என்று படம் போட்டார். அப்படியும் மாற்று உறுப்பினராகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். அவர் வேனில் இருந்தால் மற்றவர்கள்தான் மௌனமாக இருக்க வேண்டும்.

கருங்குரல்:
ஃபென்ரிஸ் டிரம்மர். பாடகர்களைப் பற்றிப் பேசுகிறோம்.

ட்ரெமலோ தம்பி:
சில பாட்டுகளில் அவரும் பாடியிருக்கிறாரே அண்ணா.

பழைய கேசட்:
டார்க்த்ரோன் மேடையேறுவதையே நிறுத்தி எத்தனையோ வருடமாகிறது. சுற்றுப்பயணமே போகாத பேண்டுக்கு எந்த வேன், எந்த அலுப்பு? உதாரணம் தேடும்போது கொஞ்சம் யோசி தம்பி. கருங்குரலோடு சேர்ந்து நீயும் கெட்டுவிட்டாய்.

ஃபியோர்டு:
இங்கே எழுதுவது இதுவே முதல் தடவை. நான் நார்வேயில் இருக்கிறேன், லாரி ஓட்டுகிறவன். பிளாக் மெட்டல் எனக்குத் தெரியாது, கேட்டாலும் தலை இடிக்கும். ஆனால் அந்தச் சாலை தெரியும்.

லேர்டால் சுரங்கம் 24.5 கிலோமீட்டர். 80-ல் போனால் இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒரே மாதிரியான சுவரைப் பார்த்துக்கொண்டு போகும் சாரதிக்குத் தூக்கம் வரும், நெஞ்சு இறுகும் என்று பயந்து, உளவியல் படித்தவர்களையும் கூப்பிட்டுத்தான் வடிவமைத்தார்கள். நேராக விடாமல் லேசாக வளைத்திருக்கிறார்கள். ஏறக்குறைய ஆறு கிலோமீட்டருக்கு ஒரு பெரிய குகை, மொத்தம் மூன்று. குகைக்குள் நீல வெளிச்சம், ஓரத்தில் மஞ்சள், விடிகிற நேரத்து வானம் போலத் தெரியும். அந்த வெளிச்சத்தை வைத்ததே அலுப்புக்காக. கதை எழுதியவர் அதன் கீழே அலுப்பே இல்லாத ஓர் ஆளைக் கொண்டுபோய் இருத்தியிருக்கிறார். எனக்கு விளங்கவில்லை.

முந்தைய காலத்துக் குளிர்காலத்தில் அவுர்லான்டுக்கும் லேர்டாலுக்கும் நடுவே மலைமேல் போகும் சாலையைப் பனிக்கு மூடிவிடுவார்கள். ஃபெரி பிடிக்க வேண்டும். ஹர்டாங்கர்விட்டா மலைமேட்டு வழியாகப் போனால், புயல் நாளில் தடுப்பைப் போட்டு நிறுத்தி, பனி தள்ளும் வண்டிக்குப் பின்னால் வரிசையாகக் கூட்டிப்போவார்கள். இப்போதும் அப்படித்தான். தடுப்புக்கு முன்னால் காத்திருக்கும்போது எல்லோரும் கதைப்பார்கள். வேறு என்ன செய்வது?

பழைய கேசட்:
அப்பாடா, நிலத்தில் நிற்கிற ஒரு மனிதர் வந்தார். ஃபியோர்டு அவர்களே, நீங்கள் எழுதிய ஒவ்வொரு வரியையும் கருங்குரல் வீட்டுச் சுவரில் ஒட்ட வேண்டும். ஃபெரி! ஃபெரி வருகிறவரை அந்த ‘இருளின் தூதன்’ துறையில் வரிசையில் நின்றிருக்க வேண்டும், முன்னால் ஒரு மீன் லாரி, பின்னால் ஒரு குடும்பம். அதை எழுதியிருந்தால் நானே கைதட்டியிருப்பேன்.

கருங்குரல்:
லாரி ஓட்டினால் கலை பற்றித் தீர்ப்புச் சொல்லலாம் என்பது எனக்குப் புதிய செய்தி. இருக்கட்டும். குட்வாங்கன் சுரங்கப்பாதை 1991-லேயே திறந்தது. 11 கிலோமீட்டருக்கும் மேல் நீளம். இதே வழித்தடத்தில்தான் இருக்கிறது. பெயரை அப்படி மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள். கதையில் ஓர் எழுத்தைக்கூடத் திருத்தப்போவதில்லை.

பழைய கேசட்:
பெயரை நான் மாற்றிப் படிக்க வேண்டுமாம், அவர் திருத்த மாட்டாராம். அப்படியே படிக்கிறேன். நீல வெளிச்சத்துக்கு எங்கே போவது? அந்த மூன்று குகைகளும் லேர்டாலில்தான் இருக்கின்றன.

ட்ரெமலோ தம்பி:
வல்லாவிக் சுரங்கத்துக்குள் நீல விளக்குப் போட்ட ரவுண்டானா உண்டு அண்ணா. படம் பார்த்திருக்கிறேன்.

பழைய கேசட்:
அது ஹர்டாங்கர் பாலத்தோடு சேர்ந்து வந்தது. 2013. நன்றி தம்பி, இருபது வருடம் பிழையாக்கிவிட்டாய்.

பனிச்சீலை:
தொண்டையைப் பற்றி நான் சொன்னதற்கு யாரும் பதில் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்கிறேன்.

கருங்குரல்:
பழைய கேசட் அவர்களுக்கு என்மேல் என்ன கோபம் என்று எல்லோருக்கும் தெரியும். மேஹெம் பேண்டின் ஆல்பம் ஒன்றின் முதல் பதிப்பு தன்னிடம் இருப்பதாக அவர் பெருமையடித்தபோது, அது மறுபதிப்பு என்று நான் அட்டையைப் பார்த்துச் சொன்னேன். அன்றிலிருந்து என் பதிவுகளில் பூதக்கண்ணாடியோடு அலைகிறார்.

பழைய கேசட்:
அது முதல் பதிப்புதான். அட்டையின் முதுகுப் பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டேன், நீங்கள் பார்க்க மறுத்தீர்கள்.

கோபத்துக்கு வேறு காரணம் இருக்கிறது, அதையும் சொல்கிறேன். கிரீக்ஹாலன் ஒரு ‘கைவிடப்பட்ட தேவாலயம்’ என்று எழுதியவர் இவர். மேஹெம், எம்பரர், இம்மார்ட்டல் எல்லாரும் பாழடைந்த தேவாலயத்தில் பதிவு செய்தார்களாம். அது 1978-ல் திறந்த இசையரங்கம், எட்வர்ட் கிரீக் என்ற செவ்வியல் இசையமைப்பாளர் பெயரில் இருப்பது. கோட்டு சூட்டு போட்டவர்கள் வயலின் கேட்க வரும் இடம். அந்தக் கட்டடத்துக்குள் இந்த இசை பதிவானதே எவ்வளவு வேடிக்கையான விஷயம்! அதை விட்டுவிட்டுச் சிலந்திவலையும் மெழுகுவர்த்தியும். இவருக்கு உண்மையில் இருக்கிற நார்வே போதாது. அங்கே சுங்கச்சாவடி இருக்கக்கூடாது, வேக வரம்பு இருக்கக்கூடாது, சாட்டிரிகன் பேண்டின் பாடகர் சாட்டிர் ஒயின் வியாபாரம் செய்யக்கூடாது. எல்லோரும் பனியில் நின்று முறைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கருங்குரல்:
ஆமாம், முறைக்கத்தான் வேண்டும். அந்த முறைப்பு இல்லையென்றால் இந்த இசையில் உங்களுக்கு என்ன மிச்சம்? மாஸ்டரிங் குறிப்பும் சாலை வரைபடமும்தான். முகத்தில் வெள்ளையும் கறுப்பும் பூசிக்கொண்டு நிற்பவனைப் பார்த்து ‘தம்பி, லைசென்ஸ் இருக்கிறதா’ என்று கேட்கிற ரசிகரை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

பழைய கேசட்:
வேனுக்குள் யாரும் பூசிக்கொண்டு உட்கார மாட்டார்கள். வியர்த்தால் வழிந்து சட்டையெல்லாம் ஆகிவிடும். அதையும் உங்கள் கதையில் ‘பூச்சு கலையாத முகம்’ என்று எழுதியிருக்கிறீர்கள், பெருந்தன்மையாக விட்டுவைத்திருந்தேன்.

பனிச்சீலை:
ஜனவரியில் வியர்க்காது. ஹீட்டர் இருந்தால் வியர்க்கலாம். ஹீட்டர் இருந்தால் தொண்டை வறளும். திரும்பவும் என் இடத்துக்குத்தான் வருகிறீர்கள்.

நெறியாளர்:
இந்தப் பகுதி பாடகர்களைப் பற்றியது. சாலைப் பொறியியல் பேச வேறு இடம் பாருங்கள். தனிப்பட்ட வம்பும் வேண்டாம்.

பழைய கேசட்:
நெறியாளர் அவர்களே, மிகச் சரி. பாடகரைப் பற்றியே பேசுகிறேன். அந்தப் பாடகர் 1993-ல் எந்தச் சுரங்கத்தில் இருந்தார்?

ஃபியோர்டு:
ஒரு சந்தேகம். கருங்குரல் அண்ணை, நீங்கள் அந்தச் சாலையில் எப்போதாவது வந்திருக்கிறீர்களா? சண்டைக்குக் கேட்கவில்லை.

கருங்குரல்:
செவ்வாய் கிரகம் பற்றி எழுதுபவர் அங்கே போய்விட்டு வந்தா எழுதுகிறார்? இதற்கு மேல் இந்தச் சுரங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டேன். ‘மௌன நெடுஞ்சாலை’ இரண்டாம் பகுதி வரும் வாரம் போடுகிறேன். அதே பாடகன், அதே வேன். இந்த முறை கோடைக்காலம், ஹர்டாங்கர்விட்டா, சூரியன் மறையாமல் தொங்கும் நள்ளிரவு. வாத்தியார் வழக்கம்போல வரலாம்.

ஃபியோர்டு:
நள்ளிரவுச் சூரியன் ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே. ஹர்டாங்கர்விட்டா தெற்கே இருக்கிறது. கோடையில் இரவு வெளிச்சமாக இருக்கும், ஆனால் சூரியன் மறைந்துவிடும்.

பழைய கேசட்:
ஃபியோர்டு, அவசரப்பட்டுவிட்டீர்களே. அவர் பதிவைப் போடும்வரை பொறுத்திருக்கலாம். பரவாயில்லை, அதற்குத் தனி இழை தொடங்கிக்கொள்கிறேன். இங்கே இன்னும் சுரங்கம் பாக்கி இருக்கிறது.