சைட் வேலைக்கும் மலையேற்றத்துக்கும் ஒரே பூட்ஸ் போதுமா?

மேஸ்திரி_கோவை:
கட்டட சைட்டில் சேஃப்டி ஷூ கட்டாயம். லீவு நாளில் மேற்குத் தொடர்ச்சி மலைப்பக்கம் நடப்பேன். இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஜோடி வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்குவது?

குறிஞ்சி:
ஒரே ஜோடி வேண்டாம் அண்ணே. ஸ்டீல் டோ, அதாவது விரல்களை மூடும் இரும்பு மூடி, மடங்காது. இறக்கத்தில் பாதம் முன்னே சறுக்கி, விரல் இரும்பில் இடித்து நகம் கறுத்துவிடும். ஒன்றுதான் முடியும் என்றால் காம்போசிட் டோ (உலோகமில்லாத மூடி) எடுங்கள், எடை குறைவு. சேஃப்டி ஷூவுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 15298 பகுதி 2 முத்திரை இருக்கிறதா பாருங்கள். முன்பகுதி 200 ஜூல் அடி தாங்கும்.

அளவை மாலையில், போடப்போகும் அதே சாக்ஸோடு பாருங்கள். கால் வீங்கியிருக்கும் நேரம் அது. கயிறு கட்டாமல் பாதத்தை முன்னே தள்ளினால் குதிகாலுக்குப் பின்னே ஒரு விரல் நுழைய வேண்டும். கட்டி நடக்கும்போது குதிகால் தூக்கினால் கொப்புளம் நிச்சயம்.

லாடம்:
ஷூவின் அடிப்பாகமான சோலைக் கவனியுங்கள். பியூ (பாலியூரித்தேன்) சோல் மெத்தென்று இருக்கும், ஆனால் ஈரப்பதத்தில் வேதிமுறையில் சிதையும். போடாமல் பெட்டியில் வைத்தாலும் சில வருடத்தில் பொடிப்பொடியாக உதிரும். அதனால் தள்ளுபடியில் கிடக்கும் பழைய ஸ்டாக் வேண்டாம். தயாரிப்புத் தேதி பார்த்து வாங்குங்கள். ஈரப்பாறைக்கு ரப்பர் சோல்தான். வெல்ட் தையல் (மேல்தோலையும் சோலையும் ஓரப் பட்டையோடு சேர்த்துத் தைப்பது) போட்டதென்றால் தேய்ந்த பின் சோலை மட்டும் மாற்றலாம்.

குறிஞ்சி:
ஆமாம். நனைந்தால் அடுப்போரம் வைக்காதீர்கள், பசை விட்டுவிடும், தோல் வெடிக்கும். உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் காயவிடுங்கள். மலையில் ரத்தம் உறிஞ்சும் அட்டைப்பூச்சிக்கு எந்த பூட்ஸும் பயனில்லை, அதைத் தடுக்கும் அட்டை சாக்ஸ் தனியாக வாங்குங்கள்.